ஊருணிக் கரையில் உட்கார்ந்தால் போதுமா?

கேள்வி: 5 ஜனவரி 2025

பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தேன். மனசு ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் அங்கே பழக்கமான சிலர் எந்நேரமும் சாதி, மனு, ஆர்ப்பாட்டம் என்றே பேசுகிறார்கள். புத்தர் ஆசையை விடச் சொன்னார், கொடி பிடிக்கச் சொன்னாரா? தியானமும் போராட்டமும் ஒரே ஆளுக்குள் குடியிருக்க முடியுமா? செட்டிநாட்டுப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

5 ஜனவரி, இரவு

செட்டிநாட்டுப் பக்கம்தான் இருக்கிறேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம். எட்டுப் புள்ளிக்கு, அதாவது எட்டுக் குடும்பத்துக்கு, பங்குள்ள வீட்டில் இப்போது விளக்கேற்ற நான் ஒருத்தி.

முடியும் என்பது என் பதில். எனக்கு முடிந்ததா என்று கேட்டால், பாதி.

புத்தர் தண்ணீர்ச் சண்டைக்கு நடுவில் போய் நின்றவர். ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காக அவருடைய குலமான சாக்கியரும் அண்டைக் குலமான கோலியரும் ஆயுதத்தோடு திரண்டபோது, தண்ணீர் விலை அதிகமா, மனிதர்களின் ரத்தம் விலை அதிகமா என்று கேட்டார். அந்தச் சண்டையால்தான் அவர் வீட்டையே விட்டு வெளியேறினார்.

6 ஜனவரி

திருத்தம். நேற்று இரண்டு கதைகளைக் கலந்துவிட்டேன்.

பாலி உரைகளில் ரோகிணிச் சண்டையைத் தீர்க்கப் போகிறவர் ஏற்கெனவே புத்தர். அந்தச் சண்டையால்தான் சித்தார்த்தன் வீட்டை விட்டான் என்று எழுதியவர் அம்பேத்கர். இருபத்தொன்பது வயதுவரை ஒருவன் கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் பார்க்காமலே இருந்தான் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. சாக்கிய சங்கம் போர் என்று முடிவெடுத்தது, சித்தார்த்தன் எதிர்த்தான், அதற்கான தண்டனையாக நாட்டை விட்டுப் போனான் என்று எழுதினார். அவர் இறந்தபின் 1957-ல் வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்ற புத்தகம் அது. துக்கத்தைப் பற்றிப் புத்தர் சொன்னதாக வருகிற நான்கு வாய்மைகளை வழக்கமாகச் சொல்கிற விதத்தில் எடுத்துக்கொண்டால் மனிதனுக்கு நம்பிக்கையே மிஞ்சாது என்றும் அதன் முன்னுரையில் கேட்டிருக்கிறார்.

ஒரு கதையில் தண்ணீர்த் தகராறு ஞானம் வந்த பிறகு செய்கிற வேலை. இன்னொன்றில் ஞானத்துக்கு வழியே தண்ணீர்த் தகராறுக்குள்தான் தொடங்குகிறது. முதல் கதைதான் எனக்கு வசதியாக இருந்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

9 ஜனவரி

எங்கள் ஊரில் மிச்சமிருப்பது ஒரே ஊருணி. செம்புறாங்கல் சுவர், நான்கு பக்கமும் படி, தென்கரையில் கல்மண்டபம். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து நிரம்பும். குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது. குடத்தை வெளியிலேயே கழுவிவிட்டுத்தான் மொள்ள வேண்டும். காலனிக்கு ஊருக்கு மேற்கே தனி ஊருணி இருந்தது. இப்போது அது முழுக்க வேலிக்கருவை. எதற்கு இரண்டு ஊருணி என்று சின்ன வயதில் நானும் கேட்டதில்லை, வேறு யாரும் கேட்டு நான் பார்த்ததும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தூர் வாரினோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற புள்ளிகள் பணம் அனுப்பினார்கள். நானும் கொடுத்தேன். கல்வெட்டில் என் பெயர் பதினோராவது. பெயர்களுக்கு மேலே "ஊருணி நீர்நிறைந் தற்றே" குறளை வெட்டியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் சுற்றிக் கம்பி வேலி, இரும்புக் கதவு, பூட்டு. சுத்தம் கெடக் கூடாதாம். சாவி கோயில் வீட்டில். எங்கள் தெருவிலிருந்து யார் போனாலும் கிடைக்கும். காலனியிலிருந்து போனால் பிறகு வரச் சொல்வார்கள்.

காலனிக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது. கடைசி முனை. நாலு நாளைக்கு ஒருமுறை, நூல் மாதிரி வரும்.

போன வருஷம் தினமும் விடியற்காலை சாவி வாங்கிப் போய்க் கல்மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்காருவேன். நாய் வரும் என்று கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொள்வேன். புரட்டாசியில் ஒருநாள் கண்ணைத் திறக்கிறேன், எங்கள் வீட்டுப் பின்கட்டு வேலைக்கு வருகிறவள் வேலிக்கு வெளியே இரண்டு குடத்தோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாய் நிற்கிறாய் என்றேன்.

"நீங்க சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தீக ஆச்சி. கூப்புட்டா நல்லாருக்காதுன்னு நின்னேன்."

அன்றைக்கே கமிட்டியில் கேட்டிருக்கலாம். கோபத்தோடு பேசக் கூடாது, முதலில் மனசு அடங்கட்டும் என்று மூன்று மாதம் உட்கார்ந்தேன். அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

11 ஜனவரி

மேலே "வருகிறவள்", "நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறேன். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். முப்பது வருஷமாக அவர் எனக்கு "ஆச்சி" சொல்கிறார், நான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். அழிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். இனி அவர், அக்கா.

19 ஜனவரி

உட்கார்ந்தால் அப்படி என்னதான் நடக்கும் என்று கேட்டவருக்கு.

நான் முதலில் போனது 2016-ல். காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள். பேச்சு கிடையாது. முதல் மூன்று நாளும் மூக்குத் துவாரத்தில் மூச்சு மட்டும். நாலாம் நாள் உடம்பு முழுக்க உணர்ச்சிகளைக் கவனிக்கக் கற்றுத்தருவார்கள். பிறகு அதிட்டானம்: ஒரு மணி நேரம் கை, கால், கண் எதையும் அசைக்காமல் உட்கார வேண்டும்.

ஆறாம் நாள் அதிட்டானத்தில் என் வலது மணிக்கட்டில் ஒரு சூடு. கூடவே ஒரு காட்சி. எனக்கு எட்டு வயது. இரண்டாங்கட்டைத் தாண்டிப் பின்வாசல். நெல் அவிக்க வந்த ஒரு பெண் குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்திருக்கிறார். அப்பத்தா சொன்னபடி நான் செம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றுகிறேன். பாதித் தண்ணீர் அவருடைய முழங்கையில் வழிகிறது. படாமல் ஊற்றக் கற்றுக்கொண்டாளே என்று அப்பத்தா என்னை மெச்சுகிறார்.

பாடம் என்ன? உணர்ச்சி எழும், மறையும். பிடிக்காதே, தள்ளாதே. அநிச்சம், எதுவும் நிலையில்லை. அப்படியே செய்தேன். சூடு மறைந்தது. அழுகை வந்து, அதுவும் நின்றது. பத்தாம் நாள் எல்லா உயிருக்கும் மைத்ரி, அதாவது நல்லெண்ணம், அனுப்பிவிட்டு லேசாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. என் மணிக்கட்டில் இருந்தது போய்விட்டது, அவருடைய முழங்கையில் வழிந்தது எங்கே போனது? அந்தப் பெண்ணின் முகம் அந்தக் காட்சியிலேயே இல்லை. கைகள் மட்டும்தான் இருந்தன.

திவ்யாவதானம் என்ற பௌத்தக் கதைத் தொகுப்பில், புத்தரின் சீடர் ஆனந்தர் கிணற்றடியில் தீண்டக் கூடாதென்று ஒதுக்கப்பட்ட மாதங்கப் பெண் ஒருத்தியிடம் தண்ணீர் கேட்கிறார். தன் பிறப்பைச் சொல்லி அவள் தயங்குகிறாள். தங்கையே, நான் உன் குலத்தைக் கேட்கவில்லை, தண்ணீர்தான் கேட்டேன் என்கிறார் ஆனந்தர். இதைப் பல தடவை படித்திருக்கிறேன். அங்கே கேட்டவர் ஆனந்தர் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. என் வாழ்க்கையில் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் கேட்டுக் குடித்தது ஒரு தடவைகூட இல்லை.

2 பிப்ரவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் நிற்கிற தூண்கள் பர்மா தேக்கு. விசேஷத்துக்குக் கிண்டுகிற கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததுதான். ஐயா பதினாலு வயதில் வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, ஏஜென்டாகத் திரும்பியவர். 1930-களில் நெல் விலை விழுந்து கடன் அடைபடாமல் நிலங்கள் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதம் நம் ஆட்கள் கையில் இருந்தது, 1938-ல் 25 சதவீதம். வட்டி வந்தால் போதும், நிலம் வேண்டாம் என்றுதான் இருந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். நிலம் போனவனுக்கு அந்த உண்மையால் ஆவதொன்றுமில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பலர் நடந்தே திரும்பினார்கள். மிச்சம் இருந்தது 1960-களில் அரசுடைமையானது. நாம் இழந்த கதையை மட்டும் எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்.

அதே பர்மாவிலிருந்துதான் எனக்கு இந்த மூச்சும் வந்தது. இந்த விபாசனா முகாம்களைத் தொடங்கிய கோயங்காவின் குரு ஊ பா கின், 1948-ல் சுதந்திர பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். மாண்டலேயில் பிறந்த கோயங்கா 1969-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

முதலில் கேட்டவர் கொடி என்றாரே, அவருக்கு. 2007 செப்டம்பரில் பர்மாவில் ஆயிரக்கணக்கான பிக்குகள் மெத்த சுத்தம் என்ற நல்லெண்ணச் சூத்திரத்தை ஓதியபடி தெருவில் நடந்தார்கள். பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தார்கள். ராணுவத் தளபதிகளின் தானம் இனி ஏற்கப்படாது என்று பொருள். பிக்குகளின் ஒழுங்குவிதியான வினயத்திலேயே இடமுள்ள சங்க நடவடிக்கை அது. தானம் கொடுத்துப் புண்ணியம் சேர்க்கிற வழியை அடைப்பது. கல்வெட்டில் பதினோராவது பெயராக இருக்கிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

7 பிப்ரவரி

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இலங்கையில் பிக்குகள் செய்ததை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்."

மறக்கவில்லை. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்காகத் தெருவில் இறங்கியவர்களில் பிக்குகள் உண்டு. 1959-ல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் சீவரம் உடுத்தியவர். 2007-ல் மெத்த சுத்தம் ஓதிய அதே பர்மாவில் சில வருஷங்களிலேயே முஸ்லிம்களுக்கு எதிராகப் பிக்குகள் மேடை ஏறினார்கள். இதெல்லாம் உண்மையான பௌத்தம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்லை. எங்கள் ஊரில் குறள் கல்வெட்டும் உண்மை, அதற்குக் கீழே தொங்குகிற பூட்டும் உண்மை.

16 பிப்ரவரி

இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன.

ஒன்று: "சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவா சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாரே, அவருக்குப் புத்தர் தேவைப்பட்டாரா?" தேவைப்படவில்லை. 1927-ல் காந்தியே தேடி வந்து பார்த்த இடம் அது. எனக்குத் தேவைப்பட்டது. தியானத்தில் உட்காராமல் இருந்திருந்தால் அந்தச் செம்பு எனக்கு ஞாபகமே வந்திருக்காது.

இரண்டு: "பௌத்தம் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த இறக்குமதி." அம்பேத்கர் பௌத்தம் ஏற்ற நாகபுரி தீட்சை 1956 அக்டோபர் 14. அதற்கு 58 வருஷம் முன்பே, 1898-ல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிவிட்டார். இலங்கை போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றவர். 1907-லிருந்து வாரப் பத்திரிகை நடத்தினார், விலை ஒரு பைசா. அதற்கும் வெகுகாலம் முந்தியது மணிமேகலை. பசித்தவர்க்குச் சோறிட்டபின் மன்னனிடம் அவள் கேட்கிற வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்பது. சோறு கொடுத்ததோடு அவள் நிற்கவில்லை.

வெளியூர் ஆதாரங்களை இத்தனை எழுதுகிறேன், சொந்த மண்ணை எழுதத் தயங்கிக்கொண்டிருக்கிறேன். 1930 டிசம்பரில், அப்போது நாங்கள் இருந்த இராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. 1931 கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் தன் புத்தகத்தில் இவற்றை அப்படியே பதிந்திருக்கிறார். படித்தது நேற்று. அக்காவிடம் கேட்டது இன்று.

"எங்க அப்பத்தா பித்தளைக் கொடத்த வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்துச்சாம் ஆச்சி. கல்யாணத்துக்கு அது அப்பன் குடுத்தது. ராத்திரி எடுத்துத் தேச்சுப் பாத்துட்டுத் திரும்ப வச்சிருமாம்."

20 மார்ச்

இன்றைக்கு மகாத் நாள். 1927-ல் இதே தேதியில் அம்பேத்கர், மகாராஷ்டிரத்தில் மகாத் ஊரிலுள்ள சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் இருந்தது, இறங்கத்தான் முடியவில்லை. அவர் குடித்துவிட்டுப் போனபின் 108 குடம் தண்ணீரை வெளியே இறைத்து, பஞ்சகவ்யம் ஊற்றிச் சுத்தி செய்தார்கள். குளத்தில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று.

ஜனவரி 9-ல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மனசு அடங்கட்டும் என்று மூன்று மாதம் உட்கார்ந்தது சரி என்று சொன்னேன். சரியில்லை. போன வாரம் அக்கா ஒரு காகிதத்தைக் காட்டினார். ஊருணிக் கதவு விஷயமாகக் காலனிப் பெண்கள் 23 பேர் கையெழுத்திட்ட மனு, தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது. ரசீதும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. தினம் வீட்டுக்கு வருகிற அக்கா இதை என்னிடம் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க பேரும் கல்லுல இருக்குல்ல ஆச்சி" என்றார்.

நான் என்னவோ என் மனசு பக்குவமாகி, அதன்பின் நான் போய்க் கதவைத் திறக்கவேண்டும் என்கிற மாதிரியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் எனக்கு இரண்டு வருஷம் முன்னால் நிற்கிறார்கள். ரோகிணி முதல் கதை எனக்கு வசதியாக இருந்ததற்கும் இதுதான் காரணம். ஞானம் முதலில், தண்ணீர் பிறகு என்றால் காத்திருக்கலாமே. அந்த மூன்று மாதமும் குடத்தோடு காத்திருந்தவர் நான் இல்லை.

போன திங்கள் குறைதீர் நாளில் திரும்ப மனு கொடுத்தோம். 24-வது கையெழுத்து என்னுடையது. கமிட்டிக்கும் தனியாக எழுதிக் கொடுத்தேன்: எல்லோருக்கும் திறக்காவிட்டால் கல்வெட்டிலிருந்து என் பெயரை வெட்டி எடுத்துவிடுங்கள்.

29 மார்ச்

அக்கா வீட்டுக்குப் போனேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். குடிக்கத் தண்ணி தாங்கக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கலர் வாங்கியாரச் சொல்லட்டுமா என்றார். தண்ணிதான் வேண்டும் என்றேன். எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தார்.

அண்ணாந்து குடித்தேன். உதட்டில் படாமல்.

குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் குடிக்கிறோம், மரியாதைக்காக. ஆனால் அக்காவின் கண் டம்ளர் விளிம்பில் இருந்ததைப் பார்த்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு, வாய் வைத்துக் குடித்தேன். இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் கற்றது இவ்வளவுதான் போலிருக்கிறது, கை தூக்கும்போதே கை தூக்குவது தெரிவது. அன்றைக்கு அதுவும் ஒரு டம்ளர் தாமதமாகத்தான் தெரிந்தது.

12 மே

வைசாகப் பௌர்ணமி. கேட்டவர்களுக்காக நிலவரம்.

ஏப்ரல் கடைசியில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பொது நீர்நிலைக்குப் பூட்டு கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பூட்டு போய்விட்டது, சங்கிலி மட்டும் கதவில் சுற்றிக் கிடக்கிறது. முதல் நாள் ஒரே ஒரு பெண்தான் வந்தார், அக்காவின் மருமகள். குடத்தை வெளியில் கழுவிவிட்டு, படியிறங்கி, மொண்டுகொண்டு போனார். மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

கண்டதேவித் தேர் பல வருஷம் நின்று கிடந்து, 2024 ஜூனில்தான் திரும்ப ஓடியது. வடத்தில் யார் கை வைப்பது என்பதுதான் அங்கே வழக்கு. அதைப் பற்றி எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து நியாயம் பேசியவர்கள் இந்தக் கதவுக்கு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. என் வயதில் இது சின்ன விஷயமில்லை, இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. மைத்ரி அனுப்ப உட்கார்ந்தால், மண்டபத்திலிருந்து எழுந்து போனவர்களில் ஒரு பெரியவர் முகம் வந்ததும் தொண்டை இறுகுகிறது. "அவரும் நலமாக இருக்கட்டும்" என்று சொல்ல முடிகிறது. அவரோடு சமாதானமாகப் போவதற்காகச் சங்கிலியை மறுபடி பூட்ட என்னால் முடியாது. இரண்டும் ஒரே மூச்சில் இருக்கின்றன. முதல் கேள்வி கேட்டவரே, ஒரே ஆளுக்குள் குடியிருக்க முடியுமா என்றீர்களே, இப்படித்தான் குடியிருக்கிறது. இறுக்கத்தோடு.

8 ஜூன்

ஊருணியில் தண்ணீர் கீழ்ப்படிக்கு இறங்கிவிட்டது. காலையில் இப்போது பத்துப் பன்னிரண்டு குடம் வருகிறது. எங்கள் தெருவில் இரண்டு வீடு இங்கே மொள்வதை நிறுத்திவிட்டு கேன் வாங்குகிறது. கல்வெட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது.

நான் மண்டபத்தில் உட்காருவதில்லை. வீட்டு முகப்பிலேயே உட்காருகிறேன். அந்த நேரம் படியில் நடமாட்டம் இருக்கும், நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் அவர்கள் சத்தமில்லாமல் மொள்ளப் பார்க்கிறார்கள்.

மேற்கே காலனி ஊருணியையும் சீர் செய்வோம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்லி அனுப்பினார். நல்ல வார்த்தையாகத்தான் தோன்றியது. அக்காவிடம் சொன்னேன். "அத வெட்டுனா இதத் திரும்பப் பூட்டுவாக" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டையும் ஒரே கமிட்டியின் கீழ், காலனி ஆட்களும் உள்ள கமிட்டியின் கீழ் கொண்டுவரச் சொல்லி அடுத்த மனு எழுதுகிறார்கள். அக்காவின் பேத்தி எழுதுகிறாள், பதினோராம் வகுப்பு. எழுத்துப் பிழை பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். பிழை இல்லை.

வேலிக்கருவை வெட்டுகிற அன்றைக்கு நானும் வருகிறேன் என்றேன். அரிவாள் பிடித்துப் பழக்கமிருக்கா ஆச்சி என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப தண்ணி ஊத்துங்க, வெட்டுறவகளுக்கு. டம்ளர்ல."